இறங்கி ஓடுகிற ரேஸ்: சைக்ளோகிராஸ் சீசனின் முதல் வார இறுதி

வெள்ளி, இரவு

ரேக்கில் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு மதியம் கிளம்பினோம். ரேஸ் ஓட்டப்போவது நான் ஒருத்தன்தான். இரண்டாவது வண்டி பிட்டில், அதாவது ரேஸ் நடுவே வண்டி மாற்றும் இடத்தில், நிற்பதற்கு. ரோடு ரேஸ் பழகியவர்களுக்கு இது வீண் பகட்டாகத் தெரியும். சேறு பிடித்த நாளில் இரண்டாவது வண்டி இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். பெரிய போட்டிகளில் ஒரே பிட்டை லேப்புக்கு (ஒரு சுற்றுக்கு) இரண்டு தரம் தொட்டுப்போகும்படி பாதையை வளைத்துப் போடுகிறார்கள். முன்னணி வீரர்கள் அரை லேப்புக்கு ஒரு சைக்கிள் மாற்றுவதும் உண்டு. என் இரண்டாவது வண்டி அதற்கெல்லாம் லாயக்கில்லை. சக்கர விளிம்பை (ரிம்) இரண்டு பக்கமும் கட்டையால் அழுத்தும் கான்டிலிவர் பிரேக் போட்ட பழைய உருப்படி. சைக்ளோகிராஸில் டிஸ்க் பிரேக்கை உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ அனுமதித்ததே 2010-இல்தான். இது அதற்கு முந்தைய தலைமுறை.

கூட வருபவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன். முழங்கால் தகராறால் போன சீசன் முழுக்க ஓட்டவில்லை. "நீ ஓட்டு தம்பி, நான் பிட்டுல நிக்கிறேன். வாட்ச் இருக்கு, வாளி இருக்கு, பிரஷ் இருக்கு, வேற என்ன வேணும்?" என்று அவராகவே வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

இரண்டு நாள் போட்டியும் ஒரே இடத்தில். ஒரு பெரிய பூங்கா, அதை ஒட்டி மரங்கள் அடர்ந்த பகுதி, நடுவில் புல் மேடு. சனிக்கிழமை பாதையை ஒரு திசையில் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதையே எதிர்த்திசையில். முளை அடித்து நாடா கட்டுகிறவர்களுக்கு வேலை மிச்சம். ஓட்டுகிறவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. இறக்கமாக இருந்தது ஏற்றமாகிவிடும், அவ்வளவுதான்.

சைக்ளோகிராஸ் பார்த்திராதவர்களுக்காக ஒரு பத்தி. பாதை இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீட்டர் வரையிலான சுற்று. குறைந்தது மூன்று மீட்டர் அகலம், தொண்ணூறு சதவீதமாவது சைக்கிளில் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது யூசிஐ விதி. மீதியில் படிக்கட்டு, மணல், செங்குத்தான ஏற்றம், குறுக்கே 40 சென்டிமீட்டர் வரை உயரமான பலகைகள், எது வேண்டுமானாலும் வரலாம். அங்கெல்லாம் இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். எலீட் எனும் உச்சப் பிரிவு ஆண்களுக்கு ஒரு மணி நேரம், எலீட் பெண்களுக்கு ஐம்பது நிமிடம், எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு இங்கே நாற்பத்தைந்து. எத்தனை லேப் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். முதலில் போகிறவர் முதல் இரண்டு லேப்பை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார் என்று பார்த்துக் கணக்குப் போட்டு, அப்புறம்தான் அறிவிப்புப் பலகையில் எண்ணை மாட்டுவார்கள். அதுவரை மனத்தில் எந்த முடிவும் இல்லாமல் மூச்சுவாங்க மிதிக்க வேண்டும். எனக்கு அதுதான் இந்த ஆட்டத்தில் மிகக் கொடுமையான பகுதி. முட்டிவலியெல்லாம் அதற்கு அப்புறம்.

வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இரண்டு சுற்று மெதுவாகப் போய்ப் பார்த்தேன். தரை கல்லாகக் கிடக்கிறது. சைக்ளோகிராஸ் என்றதும் முகமெல்லாம் சேறான புகைப்படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சீசன் தொடங்குவது செப்டம்பரில். கோடை இன்னும் விட்டபாடில்லை. புல் காய்ந்து பழுப்பேறி, வளைவுகளில் மண் பொடிந்து மாவாகக் கிடக்கிறது. சேற்றில் வழுக்குவது மெதுவாக நடக்கும், சுதாரிக்க நேரம் உண்டு. பொடி மண் அப்படி விடாது. முன்சக்கரம் போவது தெரிவதற்குள் தோள் தரையில் இருக்கும்.

அதனால் டயர் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் அரம் போல நுணுக்கமான பல், ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ். அகலம் 33 மில்லிமீட்டர். யூசிஐ போட்டிகளில் அதற்கு மேல் போகக் கூடாது. அமெச்சூர் போட்டிகளில் பல இடங்களில் கண்டுகொள்வதில்லை, 38, 40 போட்டு வருகிறவர்களும் உண்டு. நான் 33-ஐ விடுவதாக இல்லை. விதிக்குப் பயந்து அல்ல. சேறு வந்தால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இடம் வேண்டும்.

காற்று எவ்வளவு என்பதில்தான் அரை மணி நேரம் போனது. மரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு வேர் ஓடுகிறது, கட்டைவிரல் பருமனைவிடக் கொஞ்சம் அதிகம். முப்பது பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அதன் மேல் ஏறினால் வண்டி எகிறுகிறது. இரண்டு குறைத்தோம். எகிறல் குறைந்தது. இன்னும் இரண்டு குறைத்ததும் ரிம் வேரில் மோதி 'டொக்' என்றது. அண்ணன் குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுபடி போ."

போனேன். டொக்.

"நீ சும்மா போறப்பவே ஒரு தரம் தட்டுது. நாளைக்கு மூச்சு வாங்கிட்டு வர்றப்ப ரெண்டு தரம் தட்டும். அரை பிஎஸ்ஐ ஏத்து."

இருபத்தாறரையில் நிறுத்தினோம். லேப்புக்கு ஒரு முறை ரிம் லேசாகத் தட்ட வேண்டும், தட்டவே இல்லை என்றால் காற்று அதிகம் என்பது பழைய ஆட்களின் கணக்கு. கேஜைவிட நான் அதைத்தான் நம்புகிறேன்.

சனி, மாலை

காலையில் சிறுவர் போட்டியைப் பார்த்தோம். பலகைக்கு முன்னால் வந்து நின்று, நிதானமாக இறங்கி, வண்டியை அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டுத் தானும் ஏறிக் குதித்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பினாள் ஒரு சின்னப் பெண். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. எங்கள் ரேஸில் இந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

பதினோரு மணிக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். போன சீசன் புள்ளிகள் உள்ளவர்களை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மற்றவர்களுக்கு மிச்சமிருக்கும் இடம். எனக்கு ஐந்தாவது வரிசை. ஐந்தாவது வரிசையில் நிற்பது என்றால் முன்னால் முப்பத்து சொச்சம் முதுகுகள். ஒரு காலை பெடலில் மாட்டி, இன்னொன்றைத் தரையில் ஊன்றி நின்றபோது யாரும் பேசவில்லை. என் முன்னால் நின்றவரின் நம்பரில் ஒரு ஊக்கு கழன்று தொங்கியது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் விசில்.

தொடக்கத்தில் தார்ச்சாலை, அப்புறம் சட்டென்று புல். ஆறு பேர் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய அகலம் மூன்று பேருக்குச் சுருங்குகிறது. அறுபது பேர் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேருகிறார்கள். முன்வரிசைக்காரர்கள் வளைவைத் தாண்டிப் பறந்துவிட்டார்கள். நாங்கள் ஒரு காலைக் கழற்றித் தரையில் தள்ளிக்கொண்டு நின்றோம். இந்த ஆட்டத்தில் முதல் நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். ரோடு ரேஸில் பின்னால் ஒளிந்துகொண்டு போகலாம், கூட்டம் காற்றை மறைக்கும். இங்கே வேகம் குறைவு, வளைவு அதிகம், ஒளிய இடமில்லை. முதல் வளைவில் விட்ட பதினைந்து விநாடியை மீட்க மீதி நேரம் முழுக்கத் தனியாகப் பாடுபட வேண்டும்.

புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் லேப்பில் எனக்கு முன்னால் இருந்தவரின் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பல்லில் மண் நறநறத்தது. சைக்ளோகிராஸ் வண்டிகளில் தண்ணீர் பாட்டில் மாட்டுவதில்லை, தோளில் தூக்கும்போது இடிக்கும். வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் மட்டுமே பிட் பகுதியில் தண்ணீர் கொடுக்க யூசிஐ இடம் கொடுக்கிறது. இன்றைக்கு அதைத் தாராளமாகத் தாண்டியிருந்தது. மூன்றாவது லேப்பில் அண்ணன் நீட்டிய பாட்டிலில் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். குடித்தது ஒரு வாய்.

பாதை முழுக்க வளைவுகள். பிரேக், திரும்பு, எழுந்து நின்று மிதி. மூச்சு ஒரு நிலைக்கு வருவதற்குள் அடுத்த வளைவு. காய்ந்த தரையில் ரேஸ் வேகமாக இருக்கும், சுலபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஓய்வு கிடைப்பது சேற்றில்தான். அங்கே எல்லோரும் மெதுவாகத்தான் போக முடியும். இங்கே இதயத்துடிப்பு முதல் நிமிடம் ஏறியது, ஏறியபடியே இருந்தது.

பலகைகள் மட்டும் எனக்குப் பிடித்த இடம். மே மாதத்திலிருந்து இறங்கி ஏறுவதை மட்டுமே தனியாகப் பழகியிருக்கிறேன். பத்து மீட்டர் முன்னால் வலது காலை சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடது பக்கம் கொண்டுவந்து, ஒற்றைப் பெடலில் நின்றபடி சறுக்கி வர வேண்டும். வலது கை வண்டியின் மேல்குழாயான டாப் டியூபைப் பிடித்ததும் இடது காலைக் கழற்ற வேண்டும், அப்போது ஓட்டம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். நின்று இறங்கினால் எல்லாம் போச்சு. இரண்டு பலகையையும் தாண்டியதும் வண்டியை மெதுவாகக் கீழே விட்டு, இடது காலால் உந்தி, வலது தொடையின் உட்புறம் சீட்டில் விழும்படி ஏற வேண்டும். ஏறும் முன் ஒரு குட்டித் தத்தல் போடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அந்தத் தத்தலில் அரை விநாடி போகிறது. அது ஒன்றை விட்டொழித்ததில் மட்டும் லேப்புக்கு ஓராளையாவது அங்கே தாண்டினேன்.

இறங்காமல் அப்படியே எம்பிக் குதிப்பவர்களும் உண்டு. 1989-இல் உலக சாம்பியனான டேனி டி பீ அந்த வித்தையைக் காட்டினார். பிற்பாடு பெல்ஜிய வீரர் ஸ்வென் நைஸ் அதைத் தன் ஆயுதமாகவே ஆக்கிக்கொண்டார். எங்கள் ரேஸில் ஒரு இளைஞன் லேப் தவறாமல் குதித்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. நான்காவது லேப்பில் பின்சக்கரம் இரண்டாவது பலகையில் இடித்தது. விழவில்லை, ஆனால் நின்றுபோனான். நான் ஓடியே தாண்டிப் போனேன். கைதட்டல் அவனுக்குத்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசி லேப் மணி அடித்தபோது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்தொன்றாவது இடம். அண்ணன் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த லேப் நேரங்களைக் காட்டினார். முதல் லேப்பைத் தவிர மற்றதெல்லாம் எட்டு விநாடி வித்தியாசத்துக்குள். "நல்லா ஓட்டிருக்கே. இப்ப போய் நிழல்ல படு" என்றார்.

படுக்கவில்லை, பெண்கள் போட்டி இருந்தது. இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் 1950-இல் பாரிஸில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டூர் டி பிரான்ஸை வென்றிருந்த ஜான் ரோபிக் அதை ஜெயித்தார். பெண்களுக்கு 2000 வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜெர்மனியின் ஹன்கா குப்ஃபர்நாகல் முதல் பட்டத்தை வாங்கினார். அதற்குப் பிறகு நெதர்லாந்தின் மரியான் வோஸ் ஒருவரே எட்டு முறை சாம்பியன். அந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனை வோஸ்களை இழந்தோமோ. இன்று முதலில் வந்த பெண் வளைவுகளில் பிரேக்கைத் தொட்டதையே நான் பார்க்கவில்லை. வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் கச்சிதமாக்கிக்கொண்டு உள்ளே வருகிறார், வெளியே போகும்போது மற்றவர்களைவிட ஒரு சைக்கிள் நீளம் முன்னால் இருக்கிறார். நாடா ஓரமாக உட்கார்ந்து அதை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது கூரையில் சடசடவென்று மழை. அண்ணன் ஜன்னல் பக்கம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டயரை மாத்துடா தம்பி" என்கிறார்.

ஞாயிறு, இரவு

மழை விடியும்வரை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் நேற்றுப் புழுதி கிளம்பிய இடமெல்லாம் பரம்படித்த வயலாகக் கிடக்கிறது. மேலே நாலு அங்குலம் கொழகொழ, அதற்குக் கீழே கோடையில் இறுகிய பழைய தரை. இந்தக் கூட்டணிதான் மோசமானது. முழுக்க ஊறிய சேற்றில் டயர் கீழே போய் எதையாவது பற்றும். இங்கே பற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மேல்தோல் மட்டும் உரிந்து சக்கரத்தோடு வருகிறது.

பெரிய குமிழ் வைத்த சேற்று டயர், இருபத்திரண்டு பிஎஸ்ஐ. அதில் விவாதம் இல்லை. விவாதம் மேட்டில்தான்.

நேற்று இறங்கிய புல் மேட்டில் இன்று ஏற வேண்டும். நேராக அல்ல, முதலில் பக்கவாட்டில் சரிந்த புல்தரையில் குறுக்கே போய், அப்புறம் சட்டென்று மேல்நோக்கித் திரும்பி உச்சிக்கு. மொத்தம் அறுபது மீட்டர் இருக்கும். பயிற்சி நேரத்தில் அங்கே ஒரு சந்தையே கூடியிருந்தது. எல்லோரும் ஓட்டிப் பார்க்கிறார்கள், வழுக்குகிறார்கள், திரும்பிப் போய் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டி மேலே போய்விட்டவர்களுக்குக் கைதட்டல் வேறு.

அண்ணன் கீழே ஒரு முளையையும் மேலே ஒரு முளையையும் குறியாக வைத்துக்கொண்டு வாட்சை எடுத்தார்.

"ஓட்டிட்டுப் போ."

வழுக்காமல் போனபோது பதினெட்டு விநாடி. வழுக்கிக் கால் ஊன்றி, இறங்கி, தள்ளிக்கொண்டு போனபோது இருபத்தேழு. அப்புறம், சரிவு தொடங்கும் முன்பே இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடச் சொன்னார். பத்தொன்பது.

"ஓடுனா எப்பவும் பத்தொம்பதுதான். ஓட்டுனா பதினெட்டா இருபத்தேழான்னு உனக்கே தெரியாது. ஒரு விநாடிக்கு ஆசைப்பட்டு எட்டு விநாடியைப் பணயம் வைப்பியா?"

அவ்வளவுதான் விவாதம். மலையேறுவதில் பெருமை பார்க்கிற ரோடு சைக்கிள்காரர்களுக்கு இது எளிதில் இறங்காது. அவர்களுக்கு இறங்கித் தள்ளுவது என்றால் தோற்றுப்போவது. இங்கே அது ஒரு கியர் மாதிரி இன்னொரு வசதி, தேவைப்பட்ட இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. 1913 டூர் டி பிரான்ஸில் டூர்மலே கணவாயில் ஃபோர்க் உடைந்தபோது யூஜீன் கிறிஸ்டோஃப் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலையிறங்கி, சாந்த் மரீ டி கம்பான் கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் தானே அதைச் சரிசெய்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குள்ளேயே அவர் பல முறை பிரான்சின் சைக்ளோகிராஸ் சாம்பியன் ஆகியிருந்தார் என்பதை ஏனோ விட்டுவிடுவார்கள். தோளில் சைக்கிளோடு ஓடுவது அவருக்குப் புதிதே அல்ல.

ரேஸ். இன்றைக்கு நேற்றைய முடிவை வைத்து நிறுத்தியதால் நான்காவது வரிசை. தார்ச்சாலையிலேயே முன்னவர் தெறித்த சேறு கண்ணாடியை மூடியது. முதல் வளைவிலேயே கழற்றி அண்ணன் பக்கம் வீசினேன். மேட்டை அடைந்தபோது எதிர்பார்த்ததுதான். முன்னால் பதினைந்து பேர் ஓட்டிக்கொண்டு ஏறப் பார்க்கிறார்கள், முதலாமவர் வழுக்கியதும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள். நான் அதற்குள் இறங்கி, வலது கையை வண்டியின் கீழ்க்குழாயான டவுன் டியூபுக்கு அடியில் நுழைத்துத் தோளில் ஏற்றி, அதே கையால் ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பிடிக்காவிட்டால் முன்சக்கரம் ஆடி முகத்தில் அடிக்கும். நாடாவை ஒட்டியே ஓடினேன். உச்சியில் திரும்பிப் பார்த்தபோது பதினொரு பேர் பின்னால் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நேற்று என்னை ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தவர்கள்.

இரண்டாவது லேப்பிலும் அப்படியே. மூன்றாவதில் என் வண்டி கனக்கத் தொடங்கியது. சேற்றோடு வெட்டுப்புல் கலந்துவிட்டால் அது சிமென்ட் ஆகிவிடும். ஃபோர்க்கின் உச்சியில் கட்டி, பின்சக்கரத்துக்கு மேல் கட்டி, கியர் மாற்றும் டீரெய்லரின் குட்டிச் சக்கரங்களில் புல் கயிறாகச் சுற்றியிருந்தது. ஷூவுக்கு அடியில் இருக்கும் கிளீட்டில் சேறு அடைத்து பெடலில் மாட்ட மறுத்தது. ஒவ்வொரு தடவையும் ஷூவைப் பெடலில் இரண்டு மூன்று முறை ஓங்கி மிதித்தால்தான் 'க்ளிக்' கேட்கும். அந்த ஒலிக்காக இவ்வளவு ஏங்கியதில்லை.

பழைய வண்டியை எடுப்பதா என்பது அடுத்த கணக்கு. சுத்தமாக இருக்கிறது, லேசாக இருக்கிறது. ஆனால் கான்டிலிவர் பிரேக் சேற்றை வாரி வைத்துக்கொள்ளும். ஒரு லேப் தாங்கும். அந்த ஒரு லேப்பில் அண்ணன் இதைக் கழுவிவிட்டால் போதும். பிட் வாசலைத் தாண்டிவிட்டால் திரும்பி வரக் கூடாது, அடுத்த முறை வரும்வரை அதே வண்டிதான், அதனால் முடிவை முன்பே எடுக்க வேண்டும். "மாத்து!" என்று கத்திக்கொண்டே உள்ளே போய், ஓட்டத்திலேயே குதித்து இறங்கி, அண்ணன் நீட்டியதைப் பற்றிக்கொண்டு கிளம்பினேன். பிரஷர் வாஷருக்கு நீண்ட வரிசை. அண்ணன் அதில் நிற்கவே இல்லையாம். வாளித் தண்ணீரும் குச்சியுமாக உட்கார்ந்து, செயினையும் டீரெய்லரையும் பெடலையும் மட்டும் சுத்தம் செய்திருக்கிறார். "ஃபிரேம் எப்படி இருந்தா உனக்கென்ன?" அடுத்த லேப்பில் அது தயாராக நின்றது. பழையதன் பின்பிரேக் அதற்குள் வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

இதற்கு நடுவில் மேடு மாறிக்கொண்டிருந்தது. அறுபது பேர் லேப்புக்கு லேப் மிதித்ததில் நாடாவை ஒட்டிய ஓரத்தில் கொழகொழப்பு எல்லாம் ஒதுங்கி, அடியில் இருந்த கெட்டித் தரை கருப்பாக ஒரு அடி அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்தபோதே அது கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் கீழே அண்ணனுக்கும் பட்டிருக்கிறது. அடுத்த லேப்பில் மேட்டடியில் நின்று, "வலது ஓரம்! இப்ப ஓட்டு! ஓட்டுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சின்ன கியரில், சீட்டை விட்டு எழாமல், பார்வையை உச்சியில் வைத்து ஏறினேன். பின்சக்கரம் ஒரு முறை துடித்தது. நிற்கவில்லை. என் பக்கத்தில் மூன்று பேர் வண்டியைத் தோளில் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள், முதல் லேப்பில் நான் ஓடியதைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

கடைசி லேப்பில் அந்தக் கோடும் போய்விட்டது. ஆளாளுக்கு அதில் ஏறப் போய் உழுது தள்ளிவிட்டார்கள். மறுபடி தோளில். கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஓட்டம் என்று அதைச் சொல்வது மிகை. முன்னால் போனவரும் அதே கதியில்தான் இருந்தார். உச்சியில் அவர் ஏறி உட்கார இரண்டு முறை முயன்றார், நான் ஒரே தாவலில் ஏறிவிட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். பதினேழாவது இடம்.

எலீட் ஆண்கள் போட்டியை நனைந்த துணியோடே நின்று பார்த்தோம். முதல் ஐந்து பேரில் மூன்று பேர் மேட்டை லேப் தவறாமல் ஓட்டியே ஏறினார்கள், இரண்டு பேர் எப்போதும் ஓடினார்கள். உச்சியில் ஐந்து பேரும் ஒன்றாகவே இருந்தார்கள். பெல்ஜியத்தில் கோக்ஸைடின் மணல் குன்றுகளிலும் ஸோன்ஹோவன் மணல் குழியிலும் மாத்யூ வான் டெர் போல், வவுட் வான் ஆர்ட் போன்ற உலக சாம்பியன்கள் ஓட்டியே கடக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் கால்களில் இருக்கும் சக்தி, அந்த வாட், வேறு. நமக்கு வாட்ச் பார்த்து முடிவெடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

திங்கள்

வீடு. உடம்பில் எங்கெல்லாம் வலி என்று பட்டியல் போடுவதைவிட வலிக்காத இடத்தைச் சொல்வது சுலபம்: காது. வலது தோளில் டாப் டியூப் அழுத்திய இடம் நீளவாக்கில் கன்றியிருக்கிறது. இடது கெண்டைக்கால் படியிறங்கும்போது பிடித்துக்கொள்கிறது. ஓட்டப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள் போதாது, இரண்டாக்க வேண்டும். அதுவும் சமதளத்தில் அல்ல, மேட்டில், தோளில் சுமையோடு.

மத்தியானம் முழுக்க வண்டி கழுவினேன். நல்ல வண்டியின் பின் பிரேக் பேட் ஒரே நாளில் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஈர மணல் அரைத்தால் அப்படித்தான். முன் பேட் பாதி. பெடல் தண்டு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிப் பார்த்தால் லேசாக நறநறக்கிறது, இன்னும் ஒரு சேற்று ரேஸ் தாங்கலாம், இரண்டு தாங்காது. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். பழைய வண்டிக்குப் புது பிரேக் கட்டை வாங்குவதா, அல்லது டிஸ்க் வைத்த ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபிரேம் தேடுவதா என்பதை இந்த வாரத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும். பிட்டில் ஒரே ஒரு லேப் தாங்கும் வண்டியை வைத்துக்கொண்டு டிசம்பரைத் தாண்ட முடியாது.

மாலையில் அண்ணன் போன் செய்தார். அடுத்த சனிக்கிழமை பாதையில் நீண்ட மணல் பரப்பு ஒன்று உண்டு, அதை இறங்கி ஓடுவதா ஓட்டுவதா என்று கேட்டேன்.

"நேர்ல பார்த்தாத்தான் தெரியும். ஆனா இந்தத் தடவை வாட்ச் நீ பிடிக்கணும்."

"ஏண்ணே?"

"நானும் பேர் கொடுத்துட்டேன். ஐம்பது வயசுக்கு மேற்பட்டவங்க ரேஸ் ஒம்பது மணிக்கு. உன் பழைய வண்டி எனக்கு வேணும், பிரேக் கட்டையை மாத்தி வை."